கண்டுபிடித்தவருக்கும் பொறுப்பு உண்டு

களைக்கொல்லி என்றதும் கம்பெனியையும் கடைக்காரரையும் திட்டுகிறோம். கண்டுபிடிச்சவருக்குப் பொறுப்பு இல்லையா? பயிற்சிகளில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஆர்தர் கால்ஸ்டனைப் பற்றிச் சொல்வேன்.

அவர் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர். சோயா பீன்ஸ் சீக்கிரம் பூக்க ஒரு வேதிப்பொருளைத் தெளித்துப் பார்த்தார். அளவு கூடினால் இலை உதிர்வதையும் 1943-இல் முடித்த ஆய்வில் எழுதிவைத்தார். இலையுதிர்க்கும் மருந்து தேடிய ராணுவ ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பையும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1960-களில் வியட்நாம் காடுகள் மீது ஏஜென்ட் ஆரஞ்ச் கொட்டப்பட்டது. அதில் பாதி 2,4-டி. நம்ம ஊர்க் கடையில் இன்றைக்கும் கிடைக்கிற களைக்கொல்லிதான். மறுபாதியில் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது.

"நான் பூக்க வைக்கத்தானே பார்த்தேன்" என்று கால்ஸ்டன் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. சக அறிஞர்களைத் திரட்டி எதிர்த்தார். 1970-இல் அமெரிக்கா ஏஜென்ட் ஆரஞ்ச் தெளிப்பதை நிறுத்தியது.

கெடுதல் முன்கூட்டியே தெரியாமல் போகலாம். தெரிந்தபின் வாய்மூடி இருப்பதுதான் குற்றம்.

இது நமக்கும் பொருந்தும். நாம காய்ச்சுற அக்னி அஸ்திரத்தில் புகையிலை இருக்கு. அதிலுள்ள நிக்கோட்டின் தேனீயையும் கொல்லும், தோல் வழியாக நம்ம உடம்புக்குள்ளும் போகும். அதனால் பயிர் பூத்திருக்கும்போது அடிக்காதீங்க. கையுறை போடுங்க, மூக்கைத் துணியால் கட்டுங்க. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கரைசல் கொடுத்தால், இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்க.