காளான் படுக்கையில் ஒழுங்கற்ற விளைச்சல்: காரணமும் பரிகாரமும்

புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரைப் பகுதியில் வடகோடியாக அமைந்த கட்டுமாவடி, பாக் ஜலசந்தியை நோக்கிய மீன்பிடிக் கிராமமாகும். கிராமத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே சென்றால் தென்னந்தோப்புகளும் நெல் வயல்களும். ஆகவே காளான் வளர்ப்புக்கு வேண்டிய வைக்கோலும், கொட்டகைக்கு வேண்டிய தென்னங்கீற்றும் அதிகச் செலவின்றிக் கிடைக்கக்கூடிய ஸ்தலம் இது. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வீசிய கஜா புயலில் இப்பிரதேசத்துத் தென்னைகள் திரளாகச் சாய்ந்த பிறகு, வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில்களின் அவசியம் முன்னிலும் அதிகமாயிற்று. அவற்றுள் சிப்பிக் காளான் வளர்ப்பும் ஒன்று.

இத்தொழிலைத் தொடங்கிய பின் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் முற்றும் விளையாமற் போனதால் கைவிடுவதில்லை. ஒழுங்கின்றி விளைவதாலேயே கைவிடுகிறார்கள். பத்துப் படுக்கை போட்டால் நான்கு நன்றாய்க் காய்க்கின்றன. மூன்று ஒரு பக்கம் மாத்திரம் காய்க்கின்றன. மற்ற மூன்றில் மொட்டு வந்து கருகிவிடுகிறது. இன்று இரண்டு கிலோவும் நாளை கால் கிலோவுமாகக் கொண்டுவருகிறவரிடம் கடைக்காரர் வாடிக்கை வைத்துக்கொள்ளமாட்டார். வித்து வாங்கிய பணம் வீண் என்ற எண்ணமும், வித்து விற்றவர்மேல் சந்தேகமும் இவ்விதமே உண்டாகின்றன. சில சமயங்களில் சந்தேகம் நியாயமானதே. ஆயினும் ஒரே புட்டி வித்தைப் பகிர்ந்து போட்ட இரு படுக்கைகளில் ஒன்று விளைந்து மற்றொன்று விளையாவிட்டால், குற்றம் வித்தில் இல்லை என்பது வெளிப்படை.

காளான் என்று பறிக்கப்படுவது அப்பூசணத்தின் குடை மாத்திரமே. அதன் உடலாவது வைக்கோலுக்குள் வெண்ணூல்போற் பரவும் இழைகள். இழை பரவாத இடத்தில் குடை தோன்றாது. ஆதலால் விளைச்சல் ஏன் ஒழுங்கற்றது என்ற கேள்விக்கு விடை, பை கிழிப்பதற்கு முந்திய பதினைந்து இருபது நாட்களிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. பாலிதீன் பையின் ஊடே அவ்வெழுத்தைப் படிக்கலாம். பத்தாம் நாள் ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எங்கே வெளுத்திருக்கிறது, எங்கே வைக்கோல் நிறம் மாறாமலிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறை படுக்கையின் எப்பகுதியில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

அடிப்பாகம் வெளுக்காமல் மஞ்சளித்துப் புளித்த நாற்றம் வீசினால், அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. மேற்பாகம் வெளுக்காமல் உலர்ந்து நின்றால் ஈரம் போதவில்லை. நடுவில் வளையம்போல ஒரு பட்டை மாத்திரம் விடுபட்டிருந்தால், அவ்வடுக்கில் வைக்கோல் கனமாகவும் வித்துக் குறைவாகவும் போடப்பட்டிருக்கிறது. ஓரமெல்லாம் வெளுத்து, கிழித்தபின் உள்ளே பழுப்பாயிருந்தால், அவசரப்பட்டுக் கிழித்தாயிற்று. பச்சை நிறத் திட்டுகள் கண்டால் வேறு பூசணம் குடியேறிவிட்டது. அப்பையை மற்றவற்றினின்றும் உடனே அகற்ற வேண்டும்.

இக்காரணங்களுள் ஈரமே தலையானது. வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பின் ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, நிழலில் சுத்தமான சாக்கின்மேல் உலர்த்துவது யாவரும் அறிந்த முறை. தவறு நேர்வது இதற்கு அடுத்த படியில். குவித்து வைத்த வைக்கோலில் மேற்புறம் காற்றுப்பட்டு உலர்கிறது. அடிப்புறத்தில் நீர் இறங்கித் தங்குகிறது. குவியலின் மேலிருந்து அள்ளி முதற் பையை நிரப்புகிறவர், தாம் அறியாமலே முதற் பைக்குக் காய்ந்த வைக்கோலையும், கடைசிப் பைக்குச் சொட்டும் வைக்கோலையும் போடுகிறார். நடுவில் நிரப்பிய பைகளே நன்றாய் விளைகின்றன. ஒரே நாளில் ஒரே கையால் போட்ட படுக்கைகள் வெவ்வேறாகப் போவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் வேறில்லை.

பரிகாரம் எளிது. வைக்கோலைக் குவிக்காமல் பரப்பி, இரண்டொரு முறை கிளறிப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு பைக்கும் முன்பு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுகப் பிழிந்து பார்க்க வேண்டும். கையில் ஈரம் படவேண்டும், சொட்டு விழலாகாது. அதோடு, நிரப்பிய வரிசைப்படி பைகளுக்கு இலக்கம் எழுதிவைப்பது நலம். விளைச்சல் குறைந்த பைகள் எல்லாம் வரிசையின் தொடக்கத்திலோ முடிவிலோ அமைந்தால், காரணத்தைத் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை.

வைக்கோலின் ஜாதியும் கவனிக்கத்தக்கது. போரின் மேற்புறத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமான வைக்கோலில் வேறு பூசணங்கள் முன்னமே புகுந்திருக்கும். அதனையும் உள்ளிருந்து உருவிய பொன்னிற வைக்கோலையும் கலந்து போட்டால், ஒரே படுக்கைக்குள்ளேயே திட்டுத்திட்டாக விளையும். பழைய வைக்கோலை மாட்டுக்கு விட்டுவிடலாம். மாடு ஒன்றும் சொல்லாது.

கடற்கரை ஊர்களுக்கு மற்றொரு சங்கடம் உண்டு. அது கிணற்று நீர். உப்புக் கரிக்கும் நீரில் வைக்கோலை ஊறவைத்தால் இழை தளர்ந்து பரவும். அதே நீரைப் படுக்கையின்மேல் நாள்தோறும் தெளித்தால் கெடுதல் இன்னும் அதிகம். ஏனெனில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மேற்பரப்பிலேயே தங்குகிறது. மொட்டு கட்டுவதும் அம்மேற்பரப்பில்தான். முதல் அறுவடை சுமாராக வந்து, இரண்டாம் மூன்றாம் அறுவடைகள் வரவரக் குன்றுமானால், நீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு சட்டி நீரைச் சுண்டக் காய்ச்சினால் அடியில் எவ்வளவு வெள்ளைப் பொருக்கு படிகிறது என்று பார்த்து அறியலாம். ஐப்பசி கார்த்திகை மழை நீரைக் கூரையிலிருந்து பிடித்து மூடிவைத்துக்கொள்வதும், ஊருணி நீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளிப்பதும் பரிகாரங்கள். தெளிப்பது கைத்தெளிப்பானால் பனிபோல இருக்கவேண்டும். குவளையால் ஊற்றினால் மொட்டுகள் அழுகி மஞ்சளாகும்.

படுக்கையின் ஒரு பக்கம் மாத்திரம் காய்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. பிற்பகலில் வீசும் கடற்காற்றோ, ஆடி மாதத்து மேல்காற்றோ கீற்றுச் சுவரின் இடுக்கு வழியே நேராகப் படுக்கைமேல் அடித்தால், அப்பக்கத்து மொட்டுகள் கடுகளவிலேயே காய்ந்துவிடும். அதற்கு அஞ்சிச் சுவரை முற்றும் அடைத்துவிடுவதும் பிசகு. மூடிய அறையில் கரியமிலவாயு மிகுந்து, தண்டு நீண்டு குடை சிறுத்த காளான்கள் தோன்றும். ஈரச் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டு, காற்றைத் தடுக்காமல் தணித்து அனுப்ப வேண்டும். உறியில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுக்கைகளைக் கட்டும் வீடுகளில், உச்சிப் படுக்கை கூரையின் உஷ்ணத்தால் வாடுவதும், அடிப்படுக்கை மேலிருந்து வடியும் நீரால் நனைவதும் சகஜம். உச்சிப் படுக்கையைக் கூரையினின்றும் இரண்டடியாவது தாழ்த்துவதே இதற்கு வழி.

வித்தைப் பற்றியும் சில சொற்கள். சோள தானியத்தின்மேல் வளர்த்துப் புட்டியிலோ பையிலோ தரப்படும் வித்து, முழுதும் வெளுத்த பின் அதிக நாள் காத்திராமல் உபயோகிக்கப்பட வேண்டும். நாட்பட்டால் அது மஞ்சளித்துக் கட்டியாகிவிடும். கட்டியை உதிர்க்காமல் போட்டால் விழுந்த இடத்தில் மாத்திரம் விளையும். வெயில் நேரத்தில் பஸ்ஸில் கொண்டுவந்த வித்தும் சக்தி குறையும். விடியற்காலையிலோ மாலையிலோ கொண்டுவருதல் உத்தமம். எல்லாப் பைகளிலும், எல்லா அடுக்குகளிலும் ஒருசேர இழை ஓடாதிருந்தால் மாத்திரமே வித்தைக் குறை கூறலாம். அப்பொழுது மீந்த வித்தை எடுத்துக்கொண்டு, இதே ஜில்லாவில் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறலாம்.

இனி, எவ்வளவு சிரத்தை எடுத்தாலும் திருத்த முடியாத காரணம் ஒன்று உண்டு, அது பருவம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்குத் தடை இருக்கிறது. வருமானம் குறைந்த அந்நாட்களில்தான் காளானால் ஏதாவது கிடைக்காதா என்று மீனவக் குடும்பத்து ஸ்திரீகள் எண்ணுவது இயல்பு. ஆனால் சிப்பிக் காளானுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரி வரை உஷ்ணமே இசையும். சித்திரை வைகாசியில் அது கட்டுமாவடியில் கிடையாது. அக்காலத்தில் போட்ட சிப்பிப் படுக்கையின் நடுப்பாகம் வெந்து, ஓரங்களில் மாத்திரம் நாலு குடை தலைகாட்டும். இதைக் கைத்தவறு என்று எண்ணி வருந்துவது வீண்.

அந்நாட்களுக்கு ஏற்றது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 என்னும் இவ்வகை, 30 முதல் 35 டிகிரி உஷ்ணத்தில் நன்றாய் வளரும். உஷ்ணம் விரும்பும் காளான் இம்மாகாணத்துக்குப் புதிதன்று. வைக்கோல் காளானை வளர்க்கும் முறை கோயம்புத்தூர் விவசாயக் கலாசாலையைச் சேர்ந்த கே. எம். தாமஸ் முதலியவர்களால் 1943-லேயே எழுதி வெளியிடப்பட்டது. எனினும் வைக்கோல் காளான் பறித்த மறுநாளே கெட்டுப்போகத் தொடங்கும். பால் காளானோ சில நாள் தாங்குமாதலால் சந்தைக்கு அனுப்ப அதுவே வசதி.

பால் காளானில் ஒழுங்கின்மை தோன்றும் இடம் வேறு. இழை பரவிய படுக்கையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டுமுகத்தின்மேல் அரை முதல் முக்கால் அங்குல கனத்துக்கு மேற்பூச்சு மண் இடவேண்டும். அம்மண் ஒரு பக்கம் கனத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால், மெலிந்த பக்கத்தில் முந்தியும் கனத்த பக்கத்தில் பிந்தியும் மொட்டு வரும். சில இடங்களில் வரவே வராது. ஆகையால் மண்ணை இட்டபின் ஒரு சட்டத்தால் சமமாக வழித்துவிட வேண்டும். கடற்கரை மணல் இதற்கு உதவாது. அதில் உப்பும் உண்டு, ஈரமும் நில்லாது. தோட்டத்து மண்ணைச் சலித்து, சுண்ணாம்புத் தூள் சிறிது கலந்து, ஆவியில் வேகவைத்து ஆறவைத்து இடுவதே முறை. மண் இட்ட எட்டுப் பத்து நாளில் மொட்டு தெரியும். அதுவரை மண் காயாமலும் சேறாகாமலும் இருக்கவேண்டும்.

எவ்வகையாயினும், முதல் அறுவடையில் காளானைத் திருகி அடியோடு எடுக்க வேண்டும். கத்தியால் அறுத்து விட்ட தண்டின் அடிகள் அழுகி, ஈக்களை வரவழைத்து, அடுத்த அறுவடையை அவ்விடத்தில் தடுக்கும். சிப்பிக் காளானின் மூன்று அறுவடைகளும் 45 நாட்களுக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் படுக்கையை வைத்திருந்து பயனில்லை. பச்சைப் பூசணம் பிடித்ததைக் கொட்டகைக்கு வெகு தூரத்தில் புதைத்துவிட்டு, மற்றதைத் தென்னம் பாத்தியில் எருவாக இடலாம்.