அண்ணனுக்குச் சாதா மெஷ், எனக்கு மட்டும் ஏன் கோட்டிங்?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். தழும்புக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே தள்ளும். குடலிறக்கம் என்றார்கள். லேப்ராஸ்கோப்பியில் உள்ளே மெஷ் வைக்கலாம், ஆனால் 'கோட்டிங் மெஷ்'தான் வைக்க வேண்டும், விலை பல மடங்கு என்கிறார் டாக்டர். தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் அண்ணனுக்குத் தொடை இடுக்கில் ஹெர்னியா வந்தது. சாதா மெஷ்தான் வைத்தார்கள், நான்கு வருஷமாக நன்றாக இருக்கிறார். எனக்கு மட்டும் ஏன் இந்தக் கூடுதல் செலவு?
– பெயர் வேண்டாம், ஆழ்வார்திருநகரி

பதில்: உங்கள் அண்ணனுக்கு வைத்த மெஷ் குடலைத் தொட்டதே கிடையாது. விலை வித்தியாசத்துக்குக் காரணமே அதுதான்.

வயிற்றின் உட்சுவரில் பெரிடோனியம் என்ற மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. தொடை இடுக்கு ஹெர்னியாவில் மெஷ்ஷைச் சவ்வுக்கு வெளியே, தசைப் பக்கத்தில் பரப்புவார்கள். குடல் ஒரு பக்கம், மெஷ் மறுபக்கம், நடுவில் சவ்வு. உங்கள் டாக்டர் சொல்லும் முறையில் மெஷ் சவ்வுக்கு உள்ளே, குடலுக்கு நேர் எதிரே இருக்கும்.

சாதா மெஷ் என்பது பாலிபுரொப்பிலீன் இழையில் பின்னியது. ஹூஸ்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் அஷர் 1958-ல் பாலிஎதிலீன் மெஷ்ஷைப் பற்றி எழுதினார், பிறகு பாலிபுரொப்பிலீனுக்கு மாறினார். உடம்புக்கு இந்த இழை அந்நியப் பொருள். அதைச் சுற்றி உடம்பு நாரிழையை வளர்க்கும். அந்த நார் வலைக்கண்களுக்குள் புகுந்து இறுகுவதால்தான் சுவர் பலப்படுகிறது. கண் அளவு இங்கே முக்கியம், மீன் வலை பின்னுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண் மிகச் சிறியதாக இருந்தால் பாக்டீரியா நுழைந்துவிடும், அதைத் துரத்தும் பெரிய வெள்ளணு நுழைய முடியாது. கண் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நார் நன்றாகப் புகும், மெஷ்ஷும் விறைத்துப்போகாது.

இந்த ஒட்டும் குணமே குடல் பக்கம் வினையாகிறது. குடல் மெஷ்ஷில் ஒட்டிக்கொள்ளலாம், மடங்கி அடைபடலாம். அரிதாக மெஷ் குடலையே அரித்துத் துளைத்த நிகழ்வுகளும் உண்டு. ஆகவே வடிவமைப்பாளர் முன் நிற்கும் வேலை கொஞ்சம் விசித்திரமானது: ஒரே துண்டு, தசைப் பக்கம் ஒட்ட வேண்டும், குடல் பக்கம் ஒட்டவே கூடாது.

இதில் நமக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. மெஷ்ஷின் குடல் பக்கத்தில் உடம்பே புதுச் சவ்வை வளர்த்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். குடல் ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். எனவே கோட்டிங் காலமெல்லாம் இருக்க வேண்டியதில்லை, சவ்வு வளரும்வரை தாங்கினால் போதும். கொலாஜன் படலம், பக்குவப்படுத்திய செல்லுலோஸ், ஹயலுரானிக் அமிலம் கலந்த ஜெல் எல்லாம் இப்படிச் சில நாட்களிலோ வாரங்களிலோ கரைந்துபோகிறவை. கரையாத வகையும் உண்டு. நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானின் நெருங்கிய உறவான தகடு அது. குடல் ஒட்டாது, சரி. ஆனால் கிருமி புகுந்துவிட்டால் பெரும்பாலும் மெஷ்ஷையே எடுக்க வேண்டி வரும்.

கடற்கரை மாவட்டத்துக்காரர் என்பதால் ஒரு செய்தி. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தைப் பூசிய மெஷ்ஷும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சி-கர் என்று பெயர். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் பூச்சு உறையின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று 2013-ல் திரும்பப் பெற்றார்கள். ஐப்பசி மாதத்துத் தூத்துக்குடிக் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஜெயித்த பூச்சு அலமாரியில் தோற்கலாம்.

இன்னொரு பாடம் பிசியோமெஷ். எத்திகான் நிறுவனத்தின் இந்த மெஷ்ஷில் கரையும் படலம் இரண்டு பக்கமும் இருந்தது. ஜெர்மனி, டென்மார்க் பதிவேடுகளில் ஹெர்னியா திரும்ப வருவது அதிகமாகத் தெரியவே, 2016 மே மாதம் நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது. தசைப் பக்கமும் படலம் இருந்ததால் நார் புகுவது தடைப்பட்டிருக்கலாம் என்பது பலர் சொல்லும் விளக்கம். கோட்டிங் கூடினால் தரமும் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் விஷயம். டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "மெஷ்ஷை உள்ளே வைக்கிறீர்களா, தசைக்குப் பின்னால் வைக்கிறீர்களா?" தசைக்கும் அதன் பின்னுறைக்கும் நடுவே இடம் உண்டாக்கி வைத்தால் சாதா மெஷ் போதும். திறந்த அறுவையில் பழைய முறைதான் இது. இப்போது லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள், ஆனால் கை தேர்ந்தவர் வேண்டும், நேரமும் கூடும். உள்ளேதான் வைக்கப்போகிறார் என்றால் கோட்டிங் ஆடம்பரம் அல்ல. செலவை மிச்சப்படுத்தச் சாதா மெஷ்ஷைக் குடல் மேல் வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த மெஷ் அதில் அடங்கும் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அதுவரை ஒரு எச்சரிக்கை: வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால், நேரம் காலம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: கொசுவலைத் துணியை வைத்துக் குடலிறக்க ஆபரேஷன் செய்தார்களாமே, நிஜமா, கதையா?
– வாசகர், ஏரல்

பதில்: நிஜம். மகாராஷ்டிராவில் தொண்டைச்சா என்ற சிற்றூரின் அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, ஏழை நோயாளிகளுக்கு வைத்தார். பல மையங்களில் செய்து பார்த்து 2003-ல் கட்டுரையும் வெளியிட்டார்கள். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையான ஒப்பீடு நடந்தது, முடிவு 2016-ல் வந்தது. ஓராண்டில் கொசுவலை வகையில் ஒருவருக்கு மட்டும் ஹெர்னியா திரும்பியது, விலை கூடிய மெஷ்ஷில் யாருக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றே முடித்தார்கள். எனக்கு இது பெருமையான விஷயம். ஆனால் உகாண்டாவில் ஒப்பிட்டவை எல்லாமே தொடை இடுக்கு ஹெர்னியா, சவ்வுக்கு வெளியே வைத்தவை. மேலே கேட்ட சகோதரிக்கு இது பொருந்தாது. வீட்டுக் கொசுவலையைத் தூக்கிக்கொண்டும் போக வேண்டாம். அவர்கள் பயன்படுத்தியது மருந்து ஏற்றாத, பார்த்துத் தேர்ந்தெடுத்த துணி.

கேள்வி: மெஷ் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: பாலிபுரொப்பிலீன் உலோகம் அல்ல, எடுக்கலாம். மெஷ்ஷைப் பிடித்துவைக்கச் சிலருக்கு டைட்டேனியம் ஆணி அடித்திருப்பார்கள், அதுவும் பொதுவாகத் தடை இல்லை. ஆனாலும் ஸ்கேன் அறையில் சொல்லிவிட வேண்டும். மெஷ் பெட்டிக்குள் பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.