உலகில் நன்னீர்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு எனும் அதிகாரத்தை வைத்தார். உயிர்களுக்கு மழைநீர் எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வரிசையே நமக்கு உணர்த்துகிறது. அத்தகைய நன்னீர் இவ்வுலகில் எங்கெங்கு, எவ்வளவு உள்ளது என்பதை இங்குக் காண்போம்.

நிலவுலகின் மேற்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு நீரால் சூழப்பட்டுள்ளது. எனினும் அதில் பெரும்பகுதி பருகவோ பயிரிடவோ உதவாத கடல்நீர். உலக நீர் முழுவதையும் 100 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாயில் நிரப்பியதாகக் கொள்வோம். அதில் 97.5 லிட்டர் உப்புநீராகும். நன்னீர் 2.5 லிட்டர் மட்டுமே.

அந்த 2.5 லிட்டரும் முழுமையாக நம் கைக்கு எட்டுவதில்லை. ஏறத்தாழ 1.7 லிட்டர் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அதன் மிகப் பெரும்பகுதி அண்டார்டிகாவிலும், அடுத்த பகுதி கிரீன்லாந்திலும் உள்ளது. முக்கால் லிட்டர் அளவு நிலத்தடி நீராகும். ஆறுகளிலும் ஏரிகளிலும் நாம் கண்ணால் காணும் நன்னீரோ ஒன்றரைத் தேக்கரண்டி அளவே!

அச்சிறு அளவும் எல்லா நாடுகளுக்கும் சமமாக அமையவில்லை. உறையாத மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைபீரியாவின் பைக்கால் ஏரியில் மட்டும் தேங்கியுள்ளது. 1,642 மீட்டர் ஆழமுள்ள அதுவே உலகின் மிக ஆழமான ஏரி. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் மற்றோர் ஐந்தில் ஒரு பங்கு உண்டு. சவூதி அரேபியாவிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அங்கு கடல்நீரின் உப்பை நீக்கிப் பருகுகின்றனர்.

நம் மலேசியா மழைவளம் மிக்க நாடு. தீபகற்பத்தில் சராசரியாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயினும் 1998இல் வறட்சியால் அணைகளில் நீர் குறைந்து, கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பல மாதங்கள் பங்கீட்டு நீரைக் கொண்டே காலங்கழித்தனர். 2020 செப்டம்பரிலோ சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்தது. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய்கள் வறண்டன. மழை பொய்ப்பதைத் தடுக்க நம்மால் இயலாது. ஆறு கெடுவதைத் தடுக்க நம்மால் இயலும்.

தோட்டத்து ஓடை சிறியதாயினும் ஆற்றில் சென்று கலக்கிறது. அந்த ஆற்றுநீரே கீழேயுள்ள ஊர்களில் குழாய்நீராகிறது. ஆகவே களைக்கொல்லி மருந்து டின்களை ஓடையில் கழுவாதிருப்போம், குப்பையைக் கொட்டாதிருப்போம். பள்ளியிலும் வீட்டிலும் வீணே ஒழுகும் குழாயைக் கண்டால் உடனே மூடுவோம். நமக்குக் கிடைத்த சிறு பங்கைத் தூய்மையாகக் காத்து, நமக்குப் பின் வருவோர்க்கும் விட்டுச் செல்வது நம் அனைவரின் கடமையாகும்.