பக்கவாதமும் வீட்டுப் பயிற்சியும்

கடன் மனு விசாரணைக்காக இல்லங்களுக்குச் செல்லுங்கால், பக்கவாதமுற்றவரை மூலையில் கிடத்தி, ‘எல்லாம் விதி’ என ஓய்ந்திருப்போரைக் கண்டுள்ளேன். இது தவறு. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தவோட்டம் தடைப்படுவதாலோ, இரத்தக்குழாய் வெடிப்பதாலோ கைகால் சோர்கின்றன. எஞ்சிய பகுதி, இடையறாப் பழக்கத்தால் இழந்த செயலை ஓரளவேனும் மீண்டும் கற்கவல்லது.

ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் உள. நாள்தோறும் சென்று திரும்புதல் சேர்வராயன் மலையினருக்கு அரிது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் இல்லத்திலேயே அளிக்கப்பெறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக் கொள்க.

இயன்முறை மருத்துவர் இசைந்தபின் செய்யத்தக்கவை:

1. படுத்தவாறு விரல்களைக் கோத்து, நலமுள்ள கையால் சோர்ந்த கையை மெல்ல உயர்த்துக, வலித்தால் நிறுத்துக.
2. முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பைச் சற்றே தூக்குக.
3. உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து அமர்க. அருகில் ஒருவர் துணை நிற்க.
4. காப்பிக் கொட்டைகளைச் சோர்ந்த கையால் ஒவ்வொன்றாகத் தட்டு மாற்றுக.

சோர்ந்த கையைப் பற்றி இழுத்து எழுப்பலாகாது, தோள்மூட்டு நழுவக்கூடும். மருத்துவரைக் கேளாது இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாகாது. மீண்டும் முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே 108-ஐ அழையுங்கள்.

சிறுசேமிப்புப் போன்றதே இப்பயிற்சியும்: நாள்தோறும் சிறிது, ஆயின் ஒருநாளும் தவறலாகாது.