மரக்கலப் பட்டறையும் மரத்தின் இயல்பும்

புத்தலப்பட்டிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலையில் திருப்பதி வழியாக நாயுடுப்பேட்டையை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிச் சூலூர்ப்பேட்டைக்குச் சென்றால், கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தென்படும். மாந்தோப்புகளுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவே வளர்ந்த மாணவன் முதன்முதலாகப் படகு ஒன்றைக் காண்பது பெரும்பாலும் இங்கேதான். அவன் கேட்கும் முதற்கேள்வி, "இது ஏன் மூழ்கவில்லை?" என்பதாகும். அதற்கு விடையளிக்க ஆர்க்கிமிடீசின் விதி போதும். எல்லாப் பாடநூல்களிலும் அது உள்ளது. "பலகைகளின் இடுக்கு வழியே நீர் ஏன் உள்ளே வரவில்லை?" என்பது இரண்டாவது கேள்வி. ஆசிரியர்கள் பலர் இதற்கு விடை கூறத் தயங்குகின்றனர். படகு கட்டும் ஓடாவியோ தயங்குவதில்லை. அவருடைய விடையையும், அதன் பின்னால் உள்ள விஞ்ஞானத்தையும் இக்கட்டுரை விளக்க முயலும்.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். படகின் அடியில் நீளவாட்டில் கிடக்கும் முதுகெலும்பு போன்ற மரத்திற்கு ஏரா என்று பெயர். அதன்மீது குறுக்காக நிற்கும் வளைந்த சட்டங்கள் வங்குகள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைக்கும் வேலை கலப்பற்று. இச்சொற்கள் அகராதிகளில் இருக்கின்றன, பட்டறைகளிலும் வழங்குகின்றன, ஆயினும் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு மட்டும் ஏனோ வந்து சேர்வதில்லை. இதை எழுதுபவனும் அக்குற்றத்திற்கு ஆளானவனே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுநூலைத் தமிழாக்கியபோது, அடிமரத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே எழுத்துப்பெயர்த்துக் "கீல்" என்று எழுதிவிட்டேன். தமிழில் கீல் என்றால் மரத்தின்மீது பூசும் தார் என்பதை அப்போது நினைக்கவில்லை. அந்தப் படியைக் கேட்ட முதிய ஓடாவி ஒருவர், "கீலை முதலில் வைக்கச் சொல்கிறீர்களே ஐயா, எதன்மீது பூசுவது?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். அன்று முதல், ஒரு தொழிலைப் பற்றி எழுதுமுன் அத்தொழிலாளரிடம் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பட்டறை என்ற உடனே சுவரும் கூரையும் உடைய கட்டடத்தை எண்ண வேண்டாம். கடற்கரையிலோ ஆற்று முகத்துவாரத்திலோ, வெள்ளம் எட்டாத ஒரு மேட்டு மணல், வெயிலுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை, சுற்றிலும் மரக்குவியல். வேலை விடியற்காலையில் தொடங்குகிறது. வெயில் ஏறுமுன் கடினமான அறுப்பும் செதுக்கலும் முடிந்துவிட வேண்டும். வாய்ச்சி, உளி, துரப்பணம், இழைப்புளி, சுத்தியல் ஆகியவையே பழைய கருவிகள். பல இடங்களில் மின்சார அறுவை இயந்திரமும் துளைப்பானும் இன்று அவற்றோடு சேர்ந்துள்ளன. வேலை பழகும் இளைஞனிடம் முதல் நாளே வாய்ச்சியைக் கொடுத்துவிடுவதில்லை. பஞ்சைத் திரித்தல், எண்ணெய் காய்ச்சுதல், ஆணிகளை எடுத்துக் கொடுத்தல், பலகையைத் தாங்கிப் பிடித்தல் ஆகியவற்றில் அவனுடைய கை பழகுகிறது. ஏரா வைக்கும் நாளில் பூசை உண்டு. படகு நீரில் இறங்கும் நாளில் விருந்து உண்டு. இடைப்பட்ட மாதங்களில், மரம் வாங்கப் பணம் வந்து சேரும் வேகத்திலேயே வேலையும் நடக்கிறது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஓடாவியின் அறிவு முதலில் வெளிப்படுகிறது. பலகைக்குத் தேக்கும் ஆயினியும் சிறந்தவை. வங்குக்கு நேரான மரம் உதவாது. நேரான பலகையை வளைவாக அறுத்தால் மரத்தின் இழைகள் நடுவில் வெட்டுண்டு, அவ்விடத்தில் சட்டம் எளிதில் முறியும். எனவே இயற்கையாகவே வளைந்து வளர்ந்த வேலமரம், பூவரசு ஆகியவற்றின் கிளைகளை ஓடாவி தேடுகிறார். நிற்கும் மரத்தைப் பார்த்தே, "இது அணியத்து வங்கு, அது நடுவங்கு" என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார். நமது மாவட்டத்துத் தச்சர் கலப்பைக்கு ஏற்ற வளைவை வேலமரத்தில் தேடுவதும் இதே கொள்கையால்தான்.

இனி வடிவத்தைப் பற்றிக் காண்போம். வரைபடமே இல்லாமல் நாட்டுப் படகுகள் கட்டப்படுகின்றன என்று பலர் எழுதுகின்றனர். இது பாதி உண்மையே. தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினம் பகுதியில் கட்டப்பட்டு வந்த வத்தை என்னும் மீன்பிடி படகை ஷான் மெக்ரெயில் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, தென்னாசியப் படகுகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளனர். அங்கே காகிதம் இல்லை. ஆனால் ஒரு பலகை உண்டு. நடுப்பகுதி வங்குகளின் வடிவம் அப்பலகையில் முழு அளவில் வரையப்படுகிறது. ஒரே வளைவை, முறையாக இடப்பட்ட குறிகளின்படி சிறிது சிறிதாக நகர்த்தி, அடுத்தடுத்த வங்குகளின் வடிவத்தைப் பெறுகின்றனர். அந்த வங்குகளை ஏராவின்மீது நிறுத்தி, அவற்றின் புறத்தே வளையும் சட்டங்களை நீளவாட்டில் கட்டினால், அணியத்திலும் அமரத்திலும் வரவேண்டிய வங்குகளின் வடிவம் தானே புலப்படுகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளின் பழைய கப்பல் தச்சர்கள் கையாண்ட முறையோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஏட்டில் எழுதாமல் பலகையில் எழுதியதை எழுத்தறியாமை என்று சொல்வது பொருந்தாது. ஜியோமிதி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

பலகையை வளைப்பதற்கு நெருப்பும் நீரும் உபயோகமாகின்றன. ஈரமான மரத்தைச் சூடாக்கினால், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் இளகுகிறது. வளைத்துக் கட்டி ஆறவிட்டால் அது மீண்டும் இறுகி, வளைவு நிலைக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். மரத்தின் இழைகள் நுண்ணிய குழாய்களைப் போன்றவை. அவற்றின் சுவர்கள் நீரை ஏற்கும்போது தடிக்கின்றன. ஆதலால் மரம் குறுக்குவாட்டில் உப்புகிறது; நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஈரம் மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 28 முதல் 30 சதவிகிதம் வரை ஏறும் வரையில்தான் இந்த உப்பல். அதற்கு மேற்பட்ட நீர் குழாய்களின் வெற்றிடத்தை நிரப்புமேயன்றி மரத்தைப் பெரிதாக்காது. நன்கு உலர்ந்த பலகைகளை நெருக்கி அடித்து, இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுகின்றனர். படகு நீரில் இறங்கிய முதல் நாளில் சிறிது கசிவு இருக்கலாம். பின்னர் பலகைகள் உப்பிப் பஞ்சை இறுக்குகின்றன, கசிவு நிற்கிறது. ஆக, நீர் வரும் வழியை நீரே அடைக்கிறது! பச்சை மரத்தால் கட்டிய படகில் இதற்கு எதிரானது நிகழும். கட்டும்போதே உப்பியிருந்த பலகை கரையில் காய்ந்து சுருங்குகிறது, இடுக்கு விரிகிறது, திணித்த பஞ்சு தளர்ந்து விழுகிறது. கோடையில் கரையில் ஏற்றிய நல்ல படகின்மீதும் ஓலை மூடி வைப்பதற்குக் காரணம் இதுவே.

ஆணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகி, அவற்றில் ஒன்று அரிக்கப்படுகிறது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படையின் "அலார்ம்" என்னும் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தினர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செம்பைத் தொட்ட இரும்பாணிகள் கரைந்து போயிருந்தன. தகட்டைச் சுற்றியிருந்த காகிதம் தற்செயலாக நீக்கப்படாமல் இருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பழுதின்றி இருந்தன. இரும்பாணி அடித்த படகுக்குச் செப்புத் தகடு ஆகாது என்பது இதனால் விளங்கும். சோழமண்டலக் கரையின் பழைய மசூலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். துறைமுகம் அமையாத காலத்தில் சென்னையின் முரட்டு அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்றவை அவையே. அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன. விறைப்பான படகோ பிளந்துவிடும்.

மரப்படகின் பெரும் பகைவன் புயலன்று; கப்பற்புழு என்று வழங்கும் ஒரு சிறு பிராணி. பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டியின் இனத்தைச் சேர்ந்தது. இளம் பருவத்தில் நீரில் மிதந்து வந்து, ஊசி முனையளவான துளையிட்டு மரத்தினுள் நுழைகிறது. பின்னர் தலையில் உள்ள இரு சிறு ஓடுகளை அரம்போல் உபயோகித்துக் குடைந்துகொண்டே வளர்கிறது. வெளியே துளை சிறியதாகவே இருக்கும்; உள்ளே பலகை தேனடைபோல் ஆகிவிடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டறிய முடியாது. ஓடாவி சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டே அறிகிறார். ஹாலந்து நாட்டின் கடற்கரை அணைகளின் மரக்கம்பங்களை 1731ஆம் ஆண்டையொட்டி இது அழித்ததால் பெருங்கலக்கம் ஏற்பட்டதுண்டு.

நீரிலிருந்து எடுத்த உடனே இப்பிராணி மடிவதில்லை. துளையின் வாயை இரு சிறு மூடிகளால் அடைத்துக்கொண்டு சில வாரங்கள்கூட உயிர் தாங்கும். ஆனால் உப்பு மிகக் குறைந்த நீரில் அது வாழாது. ஆகவே படகை ஆற்று நீரில் சில காலம் நிறுத்தி வைப்பது பழைய உபாயமாகும். கரையில் ஏற்றி, அடியில் சருகுத் தீயால் வாட்டி, மீனெண்ணெயோ புன்னையெண்ணெயோ முந்திரிக் கொட்டைத் தோட்டு எண்ணெயோ பூசுவது மற்றோர் உபாயம். கட்டுமரத்திற்கோ இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுகின்றனர் அல்லவா? இந்நூற்றாண்டின் பிரச்சினை என்று இதைக் கருத வேண்டாம். 1950களில் இயந்திரப் படகுகள் வந்து, துறைமுக நீரிலேயே இரவும் பகலும் நிற்கத் தொடங்கியபோதே இது கடுமையாகிவிட்டது.

1957இல் கொச்சியில் நிறுவப்பெற்ற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இவ்விஷயத்தில் நெடுங்காலம் உழைத்து வந்துள்ளது. விலை மலிந்த, ஆனால் விரைவில் அழியும் மரங்களுக்குத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் அடங்கிய உப்புக்கரைசலை அழுத்தத்தில் ஏற்றினால் அவை நீடித்து உழைக்கும். பால் வற்றிய இரப்பர் மரத்தை இவ்வாறு பக்குவப்படுத்தி, மேலே கண்ணாடி நாரும் பிசினும் போர்த்தி, அந்நிலையத்தார் வள்ளங்கள் செய்துள்ளனர். களப்பணியாளர்கள் ஓர் எச்சரிக்கையைத் தவறாமல் கூற வேண்டும்: இவ்வாறு பக்குவப்படுத்திய மரத்தின் துண்டுகளையும் தூளையும் அடுப்பில் எரிக்கலாகாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் நஞ்சு இருக்கும். பட்டறையைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு விறகாகப் போவது இத்துண்டுகளே ஆதலால் இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கையன்று.

கண்ணாடி நாரிழைப் படகுகள், குறிப்பாக 2004 டிசம்பரில் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின், கரையெங்கும் பரவிவிட்டன. அவற்றைப் புழு துளைப்பதில்லை, கலப்பற்றும் தேவையில்லை. மீனவர் அவற்றை விரும்புவதில் வியப்பும் இல்லை, தவறும் இல்லை. ஆனால் ஓடாவியின் மகன் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டால், அப்பலகையின்மீதுள்ள குறிகளின் பொருளைச் சொல்வதற்கு ஆள் இருக்காது. கடலோர வட்டங்களுக்குச் செல்லும் பணியாளர்கள், பட்டறையில் வழங்கும் சொற்களையும், வரைப்பலகையின் குறிகளையும் அளவோடு எழுதி வைத்தால் நலம். படம் பிடிப்பது மட்டும் போதாது. எந்தக் குறி எந்த வங்குக்குரியது என்பதைப் படம் சொல்லாது.

வகுப்பிற்கு ஒரு சோதனை. ஊர்த் தச்சரிடம் மாமரத்தின் காய்ந்த பலகைத் துண்டு ஒன்றைப் பெறுக. இழையின் குறுக்கே 10 சென்டிமீட்டரும், இழையின் நீளவாட்டில் 10 சென்டிமீட்டரும் இருக்குமாறு அதை அறுக்கச் செய்க. இரு பக்கங்களையும் கவனமாக அளந்து எழுதிக்கொண்டு, துண்டை ஒரு வாரம் நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்; மிதக்காதபடி மேலே கல் வைக்கவும். மீண்டும் அளந்தால் குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் பெருத்திருக்கும். நீளவாட்டில் அளவுகோலுக்கு எட்டும் மாற்றம் இராது. பின்னர் அதே துண்டை நிழலில் உலர்த்தி, நாள்தோறும் அளந்து வரச் செய்க. அது எந்த நாளில் பழைய அளவை அடைகிறது என்பதை மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும்.