யுஎஸ்பி-சீரியல் போர்டு: புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

கல்லூரி போற பிள்ளைங்க இருக்கிற வீட்டில் ஆர்டுயினோவோடு சேர்ந்து ஒரு யுஎஸ்பி-சீரியல் போர்டும் மேஜை டிராயரில் கிடக்கும். பால் சொசைட்டித் தராசு, கடைத் தராசை லேப்டாப்போடு இணைக்கறவங்களுக்கும் இது இல்லாம ஆகாது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்துல இருந்து இதுக்காக சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போய் வர்றதுன்னா ஒரு நாள் பொழுதும் பஸ் காசும் போயிடும். அதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்துடுங்க. பெரும்பாலும் போர்டு நல்லாத்தான் இருக்கும்.

1. முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. சில சார்ஜர் கேபிள்ல கரண்டுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. போர்டுல விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. போன்ல இருந்து போட்டோ ஏத்திப் பார்த்த கேபிள் ஒண்ணுல சிவப்பு நூல் கட்டி, இதுக்குன்னே ஒதுக்கி வைங்க.

2. வேற எதையும் மாட்டாம, போர்டோட டிஎக்ஸ், ஆர்எக்ஸ் ரெண்டு முனையையும் ஒரே ஜம்பர் வயரால சேர்த்து, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டுங்க. தட்டினது அப்படியே திரும்பி வரணும், வயரை எடுத்ததும் நிக்கணும். அப்படின்னா கேபிள், டிரைவர், சிப் எல்லாமே நல்லா இருக்கு, கோளாறு எதிர்ப்பக்கம்.

3. இந்தப் பக்கத்து டிஎக்ஸ் அந்தப் பக்கத்து ஆர்எக்ஸுக்குப் போகணும். ரெண்டு பக்கத்து கிரவுண்டும் சேர்ந்திருக்கணும். கிரவுண்ட் வயரை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் நோண்டறவங்கதான் அதிகம்.

4. எந்த டிரைவர் போடறதுன்னு தேடறதுக்கு முன்னாடி சிப் மேல இருக்கிற நம்பரைப் படிங்க. எழுத்து மங்கலா இருந்தா சிப் மேல துளி தண்ணி தடவி, போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சு, கேமராவுல பெருசாக்கிப் பாருங்க (யுஎஸ்பியைக் கழட்டிட்டுத்தான்!). சிஎச்340ஜி-ன்னா பக்கத்துலயே வெள்ளி நிறத்துல ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். கம்ப்யூட்டர் ‘அடையாளம் தெரியலை’ன்னு சொன்னா, அந்தக் கிரிஸ்டலோட ரெண்டு காலையும் சால்டரிங் அயர்னால ஒருமுறை தொட்டு விடுங்க, ஈயம் சரியாப் பிடிக்காத போர்டு அதுலயே உயிர் பெறும்.

5. பழைய பிஎல்2303 போர்டு விண்டோஸ் 11-ல மஞ்சள் ஆச்சரியக்குறி காட்டினா பயப்படாதீங்க. பழைய வகைச் சிப்புக்குத் தயாரிப்பாளரே புது விண்டோஸில் ஆதரவை நிறுத்திட்டாங்க. அதே போர்டு லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் டிரைவர் எதுவும் போடாமலே ஓடும்.

6. எஃப்டி232-ன்னு போட்டு மலிவா வர்றதுல போலிச் சிப்பும் உண்டு. 2014-ல விண்டோஸ் அப்டேட்டோட வந்த ஒரு டிரைவர், போலிச் சிப்போட அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, உலகம் முழுக்கப் பல போர்டுகளை முடக்கிடுச்சு. வீட்டு உபயோகத்துக்கு சிஎச்340 தாராளமாப் போதும். அசல்னு நம்பிப் பெரிய விலை கொடுக்க வேணாம்.

7. உபுண்டு 22.04-ல சிஎச்340 போர்டு வந்துட்டு உடனே காணாமப் போகுதா? பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் அதைத் தன்னோடதுன்னு எடுத்துக்குது. வீட்டில் பிரெயில் கருவி இல்லேன்னா அதை நீக்கிடுங்க. ‘அனுமதி இல்லை’ன்னு வந்தா உங்க பேரை டயல்அவுட் குழுவில் சேர்த்துட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வாங்க.

8. குப்பை குப்பையா எழுத்து வந்தா பாட் ரேட்தான் காரணமா இருக்கும். 9600, 115200 ரெண்டையும் பாருங்க. ஈஎஸ்பி8266 வைஃபை போர்டு ஆன் ஆகும்போது மட்டும் குப்பை வந்தா 74880 வைங்க, அது சொல்ற சேதி தெளிவாத் தெரியும்.

9. இது ரொம்ப முக்கியம். 3.3 வோல்ட்னு ஜம்பர் மாத்தி வைச்சாலும், சில மலிவு போர்டுல விசிசி முனை மட்டும்தான் மாறும், டிஎக்ஸ் 5 வோல்ட்லயே நிக்கும். டிஎக்ஸ் சும்மா இருக்கும்போது எப்பவும் மேல் நிலையிலதான் இருக்கும். அதனால மல்டிமீட்டரோட சிவப்பு முனையை டிஎக்ஸிலும் கருப்பை கிரவுண்டிலும் வைச்சாலே உண்மை வோல்ட் தெரிஞ்சுடும். இந்த அரை நிமிஷச் சோதனை ஒரு ஈஎஸ்பி போர்டைக் காப்பாத்தும்.

10. 5 வோல்ட்னே காட்டுதா? ஒரே மாதிரி 1 கே ரெசிஸ்டர் மூணை வரிசையாச் சேர்த்து, ஒரு முனையை டிஎக்ஸிலும் மறுமுனையை கிரவுண்டிலும் கொடுங்க. டிஎக்ஸ் பக்கத்து முதல் ரெசிஸ்டர் முடியற இடத்துல 3.3 வோல்ட் கிடைக்கும். மூணு ரெசிஸ்டர் சில்லறைக் காசுதான்.

11. எஃப்டி232 சிப்போட 3.3 வோல்ட் முனை 50 மில்லிஆம்பியர்தான் தரும். வைஃபை போர்டுக்கு அது காணாது, திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். 5 வோல்ட் முனையில் இருந்து ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வழியாக் கொடுங்க.

12. ஆர்டுயினோ ப்ரோ மினிக்கு புரோகிராம் ஏத்தும்போது ஒவ்வொரு தடவையும் ரீசெட் பொத்தானை அமுக்கறீங்களா? டிடிஆருக்கும் ரீசெட்டுக்கும் நடுவுல 104-ன்னு போட்ட கப்பாசிட்டர் ஒண்ணு வைங்க, தானா ரீசெட் ஆகும். பழைய போர்டுலயே அது கிடைக்கும்.

13. தராசுக்குப் பின்னாடி இருக்கிற 9 முனை சாக்கெட்டை இந்த போர்டுல நேரா மாட்டவே மாட்டாதீங்க. அது ஆர்எஸ்232, மைனஸ் 12, ப்ளஸ் 12 வோல்ட் வரைக்கும் போகும், சிப் கருகிடும். நடுவுல மேக்ஸ்3232 மாட்யூல் ஒண்ணு போதும். 5-வது முனை கிரவுண்ட். 2, 3 டேட்டா, வரலைன்னா அந்த ரெண்டையும் மாத்திப் பாருங்க.

14. ஸ்டார்ட்டர் பெட்டியோட இணைச்ச போர்டு, போர்வெல் மோட்டார் ஓடும்போது லேப்டாப்பில் இருந்து கழண்டு கழண்டு சேருதுன்னா, அந்தப் பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவுல பிசி817 ஆப்டோகப்ளர் வைங்க. 9600 வேகத்துக்கு அது தாங்கும், 115200-க்குத் தாங்காது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள கை வைக்கிற வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுடுங்க.

15. மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட் ஆடத் தொடங்கினதும் நாலு காதுலயும் ஈயம் வைச்சு, மேல ஹாட் க்ளூ சுத்தி விடுங்க. பிய்ஞ்சு வந்தா தாமிரத் தடமும் கூடவே வந்துடும், அப்புறம் ஒட்டறது கஷ்டம்.

16. மணப்பட்டு, பனித்திட்டு மாதிரி கடலோர ஊர்ல உப்புக் காத்து முனையைக் கருக்கிடும். பென்சில் ரப்பரால தேய்ச்சா பளபளன்னு ஆகும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி வெள்ளம் புகுந்து போர்டு நனைஞ்சா, ஆசை தாங்காம உடனே மாட்டிப் பார்க்காதீங்க. சேத்தை நல்ல தண்ணியில கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைச்சுத் தேய்ச்சு, நிழல்ல ஃபேன் காத்துல ரெண்டு நாள் காயவிட்டு, 2-ம் குறிப்பில் சொன்ன சோதனையைப் பண்ணுங்க.

17. போர்டு நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் சிப் நம்பர், காம் எண், மல்டிமீட்டர்ல பார்த்த டிஎக்ஸ் வோல்ட் மூணையும் சின்னத் துண்டுக் காகிதத்துல எழுதி, செல்லோ டேப்பால போர்டுக்குப் பின்னாடி ஒட்டுங்க. மறுபடி மாட்டும்போது அதே யுஎஸ்பி ஓட்டையில மாட்டினா காம் எண்ணும் மாறாது.