சிறார்க்கு உயிர்ப் பாகுபாடு கற்பித்தல்

சிவபுராணத்தை மனனமாக ஓதும் சிறுவர்கள் எமது ஊர்களில் பலருளர். புல்லில் தொடங்கித் தேவர் ஈறாக மணிவாசகப் பெருமான் பிறப்புக்களை நிரைப்படுத்தும் இடத்தையும் அவர்கள் தடக்கமின்றி ஓதுவர். ஆயினும் புல்லுக்கும் மரத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், "புல் சின்னது, மரம் பெரிசு" என்பதே விடையாக வரும். பாடமாக்கிய அறிவு பரீட்சைக்கு உதவும். கண்ணைத் திறக்க உதவாது.

உயிர்களைப் பாகுபடுத்தல் எமக்குப் புதிய கலையன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. தொடுகை மட்டும் உடையவை புல்லும் மரமும். சுவையும் சேர்ந்தால் நத்தை. மோப்பமும் சேர்ந்தால் எறும்பு, கறையான். பார்வையும் சேர்ந்தால் நண்டு, தும்பி. கேள்வியும் சேர்ந்தால் விலங்குகள். மனமும் சேர்ந்தால் மனிதர். எறும்புக்கும் கண் உண்டு என்பது இன்றைய விஞ்ஞானம். அதனால் பழைய நூலுக்கு இழுக்கில்லை. ஒரு விதியை வைத்து ஒழுங்காகப் பிரித்த முறையே பிள்ளைகள் கற்கவேண்டியது.

அதே நூல் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் கூறும். இதன்படி பனையும் தென்னையும் புல்லினம்! சிரிக்கும் பிள்ளையை அறுத்த பனங்குற்றி ஒன்றின் அருகே அழைத்துச் செல்லல் வேண்டும். வெளிப்புறம் கருமையாக இறுகியிருக்கும்; உள்ளே மென்மை. வேப்பங்குற்றியில் இது மறுதலை. இன்றைய தாவரவியலும் பனையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒரே பிரிவில் வைக்கின்றது. இலைகளைக் கொண்டும் இதைக் காட்டலாம். தென்னோலை, வாழையிலை, நெல்லின் தாள் ஆகியவற்றில் நரம்புகள் சமாந்தரமாக ஓடும். வேம்பு, பலா, பூவரசு ஆகியவற்றில் வலைபோலப் பின்னியிருக்கும். கோயில் வீதியில் விழுந்து கிடக்கும் இலைகளே போதும், செலவில்லை. முதலில் பிள்ளைகளே தம் மனம்போல் பிரிக்கட்டும். நிறத்தாற் பிரித்தாலும் பிழையென்று அதட்டாது, "ஏன் அப்படிப் பிரித்தாய்?" என்று கேட்பதே ஆசிரியர் செய்யவேண்டியது. பெயர்கள் பிறகு வரலாம்.

விலங்குகளில் வௌவால் நல்ல உதாரணம். பறப்பதால் பறவை என்பர் சிறுவர். குட்டி ஈன்று பாலூட்டுவதால் அது பசுவோடு சேர்ந்த முலையூட்டி. சைவ நூல்கள் கூறும் நால்வகைத் தோற்றத்திலும் முட்டையிற் பிறப்பன வேறு, கருப்பையிற் பிறப்பன வேறு. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட நூலில் திமிங்கிலத்தை மீனோடு சேர்த்திருந்தார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அதை முலையூட்டிகளோடு வைத்தார். பேரறிஞருக்கே 23 ஆண்டுகள் சென்றன. பத்து வயதுப் பிள்ளை ஒருதரம் மாறிச் சொன்னால் குட்டுவது நியாயமன்று.

இது வெறும் புத்தக விடயமுமன்று. வேலியோரம் ஊரும் எதையும் "பாம்பு, அடி" என்று கூவப் பழகிய பிள்ளை, வயலில் எலி பிடிக்கும் நஞ்சற்ற சாரையையும் கொன்றுவிடும். அதே பிள்ளை புடையனை மலைப்பாம்புக் குட்டியென எண்ணிக் கிட்டப் போகவும் கூடும். எனவே பாம்பைப் பற்றிய பாடத்தைப் படங்களைக் கொண்டே நடத்துதல் வேண்டும். புடையனின் முக்கோணத் தலையையும் முதுகில் நிரையாக உள்ள வட்டப் புள்ளிகளையும் படத்திலே காட்டி, நேரிற் கண்டால் எந்தப் பாம்பாயினும் தொடாது, அடிக்காது விலகிநின்று பெரியவர்களை அழைக்கப் பழக்கல் வேண்டும்.